இலத்தீன் இலக்கணம்: எட்டு மாதம் தனியாகப் படித்துவிட்டேன், இனி ஆசிரியர் தேவையா?

நடுஇரவு_விளக்கு

வணக்கம். எட்டு மாதமாகத் தனியாக இலத்தீன் படித்து வருகிறேன். ஐந்து வகைப் பெயர்த்திரிபும் நான்கு வகை வினைத்திரிபும் மனப்பாடம். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் அமோ, அமாஸ், அமத் என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். ஆனால் பத்து வரியில் ஒரு பத்தியைக் கொடுத்தால் திணறிப் போகிறேன். சொற்களுக்குப் பொருள் தெரிகிறது, வாக்கியத்துக்குப் பொருள் வரவில்லை. தெரிந்த சொற்களை வைத்து ஒரு கதையை நானே கட்டிக்கொள்கிறேன். பிறகு விடையைப் பார்த்தால், யார் யாருக்கு என்ன செய்தார் என்பதே தலைகீழாக இருக்கிறது.

இடையில் ஒரு ஆசிரியரிடம் ஆறு வாரம் படித்தேன். அவர் அட்டவணையைச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். அடுத்த வகுப்பில் ஒப்பிப்பேன். அதைப் புத்தகமே எனக்குச் செய்துவிட்டது. விட்டுவிட்டேன்.

இன்னொரு ஆசிரியரைத் தேடலாமா, தனியாகவே தொடரலாமா? ஆசிரியரிடம் போனால் என்ன கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும்? படித்தவர்கள், படிப்பவர்கள் சொல்லுங்கள். இந்த மொழியை விட்டுவிட மனமில்லை.

தனிவழி

ஆசிரியர் தேவையில்லை என்பது என் கருத்து. நான் யாரிடமும் படிக்கவில்லை. முழுக்க இலத்தீனிலேயே எழுதப்பட்ட, எளிதில் தொடங்கி மெல்லக் கடினமாகும் கதைநூல் ஒன்றை எடுத்துத் தினமும் அரை மணி நேரம் சத்தமாகப் படித்தேன். ஒரே பக்கத்தை ஐந்து முறை. இரண்டு ஆண்டில் சீசரின் உரைநடை ஓரளவு பிடிபட்டது. உங்கள் குறை, நீங்கள் அட்டவணையைப் படித்திருக்கிறீர்கள், மொழியைப் படிக்கவில்லை. அதற்கு மருந்து வாசிப்பு.

பாடஞ்சொல்லி

தனிவழி சொல்வது பாதி சரி. வாசிக்காமல் எந்த மொழியும் வராது. நான் சில ஆண்டுகளாக இலத்தீன் சொல்லிக்கொடுக்கிறேன், அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நடுஇரவு_விளக்கு, உங்களுக்கு இருக்கும் சிக்கலுக்குப் பெயர் ஊகித்துப் படித்தல். தனியாகப் படிக்கும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது வருகிறது. தவறாக ஊகித்தாலும் அந்த நொடியில் யாரும் தடுப்பதில்லை. பத்து முறை தவறாக ஊகித்தால் அதுவே பழக்கமாகிவிடும். ஆசிரியரின் முதல் வேலை அந்த இடத்தில் உங்களை நிறுத்துவதுதான். அட்டவணை சொல்லித் தருவதற்கு ஆள் தேவையே இல்லை.

ஒன்று செய்து பார்ப்போமா? கீழே ஒரு வாக்கியம். தமிழ் எழுத்திலேயே தருகிறேன், குறில் நெடில் பார்த்துப் படியுங்கள்.

ஃபீலியை நௌதை ரொஸம் தத்.

ஃபீலிய என்றால் மகள். நௌத என்றால் மாலுமி. ரொஸ என்றால் ரோஜா. தத் என்றால் கொடுக்கிறார், கொடுக்கிறாள், கொடுக்கிறான், எதுவும் ஆகலாம். பொருள் சொல்லுங்கள். சொல்லும்போது மனம் எந்த வழியில் போனது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதுதான் எனக்கு வேண்டும்.

நடுஇரவு_விளக்கு

சரி, மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். முதலில் "மகள் மாலுமிக்கு ரோஜா கொடுக்கிறாள்" என்று தோன்றியது. மகள் முதலில் நிற்பதால். அப்புறம் முடிவைப் பார்த்தேன். ஐ என்று முடிகிறது. பன்மை எழுவாயும் அப்படி முடியுமே, "மகள்கள் மாலுமிக்கு ரோஜா கொடுக்கிறார்கள்" என்று மாற்றினேன். இதுதான் என் விடை.

பாடஞ்சொல்லி

நன்றி, நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது கடைசிச் சொல்லில் இருந்து வாருங்கள். தத். ஒருமையா பன்மையா?

நடுஇரவு_விளக்கு

ஒருமை. பன்மை என்றால் தந்த் என்று இருக்க வேண்டும். அப்படியானால் மகள்கள் எழுவாயாக முடியாது. மாலுமிகளும் முடியாது. ரொஸம் செயப்படுபொருள். அப்படியானால்... எழுவாயே இல்லையே?

பாடஞ்சொல்லி

இருக்கிறது, வினைக்குள் இருக்கிறது. தமிழில் "வந்தேன்" என்றால் "நான்" வேண்டுமா? இங்கும் அதேதான். "அவர்" என்பது தத் என்ற சொல்லின் கடைசி ஒற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து, கொடுத்தல் என்றாலே யாருக்கு என்ற கேள்வி வரும். அதனால் ஐ என்று முடியும் இரண்டு சொற்களில் ஒன்று நான்காம் வேற்றுமை. மற்றது?

நடுஇரவு_விளக்கு

ஆறாம் வேற்றுமை! மாலுமியின் மகளுக்கு ரோஜா கொடுக்கிறார். கொடுப்பது யார் என்று முந்தைய வாக்கியம் சொல்லும்.

எட்டு மாதத்தில் ஒரு வாக்கியத்தைக் கடைசிச் சொல்லில் இருந்து தொடங்கி நான் படித்ததே இல்லை.

பாடஞ்சொல்லி

"மகளின் மாலுமிக்கு" என்று பொருள்கொள்ளவும் இலக்கணம் இடம் தரும். சூழல்தான் தீர்க்கும். ஆனால் "மகள்கள் கொடுக்கிறார்கள்" என்பதற்கு இலக்கணமே இடம் தராது. எது சாத்தியம், எது சாத்தியமே இல்லை என்று பிரித்துவிட்டுப் பிறகு சூழலைப் பார்ப்பதுதான் இலத்தீன் படிப்பது. நீங்கள் சூழலை முதலில் பார்க்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். இது தமிழ் பேசுகிறவர்களுக்கே உரிய கண்ணி, ஆங்கிலப் பாடநூல் எதிலும் இருக்காது. ஐ என்ற ஒலி காதில் விழுந்ததும் நமக்கு "மகளை", "மாலுமியை" என்று இரண்டாம் வேற்றுமை ஒலிக்கும். இலத்தீனில் அதே ஒலி உடைமையையும் கொடையையும் காட்டுகிறது. அம் என்ற முடிவோ நமக்கு மரம், குளம், பணம் என்று எழுவாயாகப் பழகியது. இலத்தீனில் நௌதம், ரொஸம் எல்லாம் செயப்படுபொருள். இரண்டும் நமக்கு நேர் எதிர். முதல் மூன்று மாதம் இந்த இரண்டு முடிவுகளையும் வண்ணப் பென்சிலால் கோடிடச் சொல்வேன். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் கண் நின்று பார்க்கும்.

குறில்நெடில்

மிக நல்ல இழை. ஒலி பற்றிப் பேச்சு வந்ததால் நானும் சேர்கிறேன்.

இலத்தீனில் உயிர் குறிலா நெடிலா என்பதை வைத்துப் பொருளே மாறும். மலும் என்றால் தீமை, மாலும் என்றால் ஆப்பிள். லிபெர் என்றால் நூல், லீபெர் என்றால் தளையற்ற. வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். நௌத என்றால் எழுவாய், நௌதா என்றால் அப்லதீவ் வேற்றுமை (ஆல், இல், இலிருந்து போன்ற பொருள் தருவது). ரோமர்கள் வழக்கமாக நெடிலைக் குறித்து எழுதவில்லை. இன்றைய பாடநூல்களில் மேலே ஒரு கோடு போடுகிறார்கள். மற்ற மொழிக்காரர்கள் பலர் அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். நமக்கு அது எழுத்திலேயே ஊறியது. எ-ஏ, ஒ-ஓ இரண்டையும் பிரித்து எழுதும் எழுத்து நம்மிடம் இருக்கிறது. (எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்றைய வடிவில் வேறுபடுத்தியவர் வீரமாமுனிவர் என்பார்கள். அதே மனிதர்தான் 18ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார், குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். இரண்டு மொழியும் ஒரே மனதில் இருந்தது புதிதல்ல என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.)

ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. அன்னுஸ் என்றால் ஆண்டு, அனுஸ் என்றால் கிழவி. "கனி"யும் "கன்னி"யும் வேறு என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது இயல்பு.

ஆனால் நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிப் படிக்காதீர்கள். தே என்று எழுதினால் "உன்னை" என்ற சொல்லா, "பற்றி" என்ற சொல்லா தெரியாது. ஒன்று வல்லொலி, மற்றது அதன் மெலிந்த ஒலி. நம் எழுத்து இரண்டையும் ஒன்றாகவே காட்டும். உரோமன் எழுத்தில் எழுதி, மேலே கோடு போட்டு, வாயால் மட்டும் தமிழ்க் குறில் நெடிலாகச் சொல்லுங்கள்.

வேர்வரை

சிறு சந்தேகம். ரோமப் பேச்சாளரின் பெயர் கிகெரோ என்பதா, சிசெரோ என்பதா? என் ஆசிரியர் ஒரு மாதிரி சொல்கிறார், காணொளியில் வேறு மாதிரி.

குறில்நெடில்

சீசர் காலத்து ஒலிப்பில் கிகெரோ. தேவாலய வழக்கில் சிச்செரோ. அந்த வழக்கில் நௌதை என்பதையும் நௌதே என்பார்கள். இரண்டும் வாழும் மரபுகள், எதுவும் தவறில்லை. ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், கலக்க வேண்டாம்.

தனிவழி

பாடஞ்சொல்லி அந்த வாக்கியத்தைப் பிரித்துக் காட்டிய விதம் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் தமிழோடு பொருத்திப் பார்ப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது. பொருந்தாத இடம் ஏராளம். "உன்னை நம்புகிறேன்" என்று நாம் இரண்டாம் வேற்றுமை சொல்கிறோம். இலத்தீனில் திபி க்ரேதோ, அதாவது "உனக்கு நம்புகிறேன்". "உனக்கு உதவுகிறேன்" என்று நாம் நான்காம் வேற்றுமை சொல்கிறோம். அங்கே தே யுவோ, "உன்னை உதவுகிறேன்". தமிழை நம்பிப் போனால் இரண்டிலும் தவறு.

பெயரடையை எடுங்கள். நல்ல மாலுமி, நல்ல மாலுமிக்கு, நல்ல மாலுமிகளை என்று நமக்கு "நல்ல" அசைவதே இல்லை. அங்கே ஒவ்வொரு முறையும் பெயரடையும் சேர்ந்து மாறும், பால், எண், வேற்றுமை மூன்றிலும். அதிலும் ஓசை ஒத்துவராது. நௌத ஆண்பால் என்பதால் நௌத பொனுஸ். பொன என்று எழுதினால் பிழை. கை என்ற சொல்லுக்குப் பெண்பால் ஏன் என்று எந்தத் தமிழ் இலக்கணமும் சொல்லாது.

பாடஞ்சொல்லி

நீங்கள் சொன்ன எல்லா எடுத்துக்காட்டும் சரி. அவற்றை நானும் தனிப் பக்கத்தில் எழுத வைப்பேன். பொருந்தாத இடம் எது என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் நீங்களும் இப்போது செய்தீர்கள்.

பொருந்தும் இடங்களை விட்டுவிடுவது வீண் செலவு. மிஹி ஃபீலியுஸ் எஸ்த், "எனக்கு ஒரு மகன் இருக்கிறான்". சொல்லுக்குச் சொல். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இது ஒரு தனிப் பாடம், தனிப் பெயர், தனிப் பயிற்சி. நமக்கு அரை நிமிடம். மிஹி ப்லகெத், "எனக்குப் பிடிக்கிறது". வெனித்னெ, "வருகிறானா". கேள்விக்கு ஒரு இடைச்சொல் சொல்லின் வாலில் ஒட்டுகிறது. பதெர் மாதெர்க்வெ, "தந்தையும் தாயும்". உம்மை அங்கே இரண்டாவது சொல்லில் மட்டும் ஒட்டும், அவ்வளவுதான். வினை கடைசியில் வருவதும் நமக்குப் புதிதில்லை.

எல்லாவற்றையும் விட அப்லதீவ் வேற்றுமை. மாணவர்கள் அதிகம் பயப்படும் இடம் இது. வாளால் போரிட்டான், நண்பனோடு வந்தான், நகரிலிருந்து ஓடினான், நகரில் இருக்கிறான், தேனினும் இனிது, அச்சத்தால் நடுங்கினான், எல்லாமே அந்த ஒரே வேற்றுமை. சிலதில் முன்னே ஒரு சொல் வரும், சிலதில் வராது. பாடநூல்கள் இதைப் பத்துப் பன்னிரண்டு பெயர் போட்டுப் பிரித்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. நான் வேறு மாதிரி சொல்கிறேன். மிகப் பழங்காலத்தில் தனித்தனியாக இருந்த மூன்று வேற்றுமைகள் இலத்தீனில் ஒன்றாகக் கலந்துவிட்டன. நீங்குவது ஒன்று, கருவி ஒன்று, இடம் ஒன்று. அதாவது நம் ஐந்தாவது, மூன்றாவது, ஏழாவது. நாம் இன்றும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். அதனால் அப்லதீவைப் பார்த்ததும் "ஆலா, ஓடா, இலிருந்தா, இல்லா?" என்று நான்கு தமிழ் உருபையும் வைத்துப் பாருங்கள். ஒன்று பொருந்தும்.

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள் நினைவிருக்கிறதா? நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. "காக்கையிற் கரிது களாம்பழம்" என்பது ஒப்பு. இலத்தீனில் மெல்லெ துல்கியுஸ், "தேனினும் இனிது". நீங்கலும் ஒப்பும் ஏதுவும் அங்கும் ஒரே வேற்றுமையில் வந்து அமர்கின்றன. முதன்முதலில் இதைக் கவனித்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

வேர்வரை

நான் ஒரு நினைவுக் குறி வைத்திருக்கிறேன். எதிர்காலம் அமாபோ, நேசிப்பேன். நடப்பேன், படிப்பேன் என்று நமக்கும் எதிர்காலத்தில் ப வருகிறதே, அப்படியே ஒட்டிக்கொண்டது.

பாடஞ்சொல்லி

நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், உறவு என்று நினைக்க வேண்டாம். இரண்டு இடத்தில் அது காலை வாரும். அமாபம் என்பதிலும் அதே ஒலி, ஆனால் அது இறந்தகாலம், "நேசித்துக்கொண்டிருந்தேன்". மூன்றாம் வகை வினைகளில் எதிர்காலத்துக்கு அந்த ஒலியே கிடையாது. ரெகம், ரெகேஸ், ரெகெத் என்று போகும்.

நடுஇரவு_விளக்கு

இதையெல்லாம் படித்தபின் ஆசிரியர் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எப்படித் தேர்ந்தெடுப்பது? முன்பு ஏமாந்தவன் என்பதால் கேட்கிறேன். எத்தனை வகுப்பு, எவ்வளவு நேரம்?

வேர்வரை

நான் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் படித்தேன். கடைசி அரை மணி நேரம் தலையில் ஏறாது. முக்கால் மணி நேரமாக இரண்டு நாள் மாற்றிக்கொண்டேன். அதன்பிறகு வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடவே முடியவில்லை.

பாடஞ்சொல்லி

முதல் வகுப்பு முன்னோட்டமாக இருந்தால், நீங்கள் ஏற்கெனவே தவறாகப் படித்த ஒரு பத்தியைக் கொண்டுபோங்கள். அவர் முன்னால் படியுங்கள். தவறு வந்ததும் அவர் சரியான பொருளைச் சொல்லிவிட்டு நகர்ந்தால், அவரிடம் உங்களுக்கு வேலை இல்லை. "இந்தச் சொல் ஏன் இந்த வேற்றுமையில் நிற்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் அவரிடம் இருங்கள். காத்திருப்பது மிகவும் முக்கியம். பத்து நொடி மௌனத்தைத் தாங்க முடியாத ஆசிரியர் நல்லவராக இருக்கலாம், ஆனால் விடையை அவரே சொல்லிவிடுவார்.

அடுத்து, தமிழிலிருந்து இலத்தீனுக்கு எழுதச் சொல்கிறாரா என்று பாருங்கள். வாரம் ஐந்து வாக்கியம் போதும். படிக்கும்போது முடிவுகளை விழுங்கிவிட்டுப் போகலாம், எழுதும்போது முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

சொல் தருவதிலும் ஒரு சோதனை உண்டு. அரசன் என்பதற்கு ரேக்ஸ் என்று மட்டும் சொல்லித் தருகிறாரா, ரேக்ஸ், ரேகிஸ் என்று உடைமை வடிவத்தையும் சேர்த்தா? இரண்டாவதில்தான் வேற்றுமை ஏற்கும் அடி வெளிப்படும். வீடு என்று மட்டும் கற்ற வெளிநாட்டவர் "வீடுஐ" என்பார், "வீட்டை" என்று சொல்ல "வீட்டு" தெரிய வேண்டும். மரம் மரத்து ஆவதும் ஆறு ஆற்று ஆவதும் அதே கதை. இதெர் என்றால் பயணம், உடைமை வடிவம் இதினெரிஸ். முதல் சொல்லை மட்டும் வைத்து யாராலும் ஊகிக்க முடியாது.

தனிவழி

இதில் ஒன்றைச் சேர்க்கிறேன். சொல்லைப் போட்டால் அது எந்தெந்த வடிவமாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் பட்டியலிடும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. தனியாகப் படித்த காலத்தில் அவைதான் என் ஊன்றுகோல். ஆனால் ஃபீலியை என்று போட்டால் நான்கைந்து விடை வரும். தேர்வு நம்முடையது. அங்கே நான் எப்போதும் என் கதைக்கு ஏற்றதையே தேர்ந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு இரண்டு ஆண்டு ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நடுஇரவு_விளக்கு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஆசிரியர் கிடைத்துவிட்டார். தமிழ் தெரிந்தவர். முன்னோட்ட வகுப்பில் நான் ஒரு வரியில் தடுக்கினேன். அவர் பேசவே இல்லை. நான் திரையைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். கடைசியில் நானே "இது எழுவாய் இல்லை" என்றேன். "அப்படியானால்?" என்றார். அவ்வளவுதான் அன்று அவர் பேசியது.

ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தவறுகளுக்கு மட்டும். இடப்பக்கம் நான் சொன்ன பொருள், வலப்பக்கம் எந்த எழுத்தைப் பார்க்காமல் விட்டேன் என்பது. சரியான விடையை எழுதக் கூடாது. இப்போது 61 தவறு இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 38 தவறு வினையின் ஒருமை பன்மையைப் பார்க்காததால் வந்தவை. இலக்கணம் தெரியாததால் வந்தவை ஏழோ எட்டோதான். எனக்குத் தெரிந்ததையே நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

போன வாரம் தீகித் ஃபீலியம் வெனீரெ என்று ஒரு வாக்கியம். ஃபீலியம் என்றதும் "மகளைச் சொல்கிறான்" என்று ஓடினேன். ஆசிரியர், "மகள் வருவதாகச் சொல்கிறான் என்று தமிழில் சொல்லும்போது 'என்று' வருகிறதா?" எனக் கேட்டார். வரவில்லை. "வருவதாக" என்பதே போதும். இலத்தீனிலும் "என்று" இல்லை. மகள் இரண்டாம் வேற்றுமையில், வருதல் வெறும் வினைப்பெயர் போல. சீசர் எழுத்தில் பிறர் பேச்சைச் சொல்லும் இடமெல்லாம் பத்தி பத்தியாக இப்படியே போகுமாம்.

வேர்வரை

அந்தத் தவறு நோட்டு முறையை நானும் இன்றே தொடங்குகிறேன். எச்சவியல் வினை, அதாவது ஆங்கில நூல்கள் சப்ஜங்டிவ் என்று சொல்வது, வந்துவிட்டதா உங்களுக்கு? நான் அங்கேதான் நிற்கிறேன்.

பாடஞ்சொல்லி

வேர்வரை, அதற்கு "எச்சவியல்" என்று பெயர் வைக்காதீர்கள், பின்னால் எச்சங்களோடு குழம்பும். விருப்ப வினை என்று வைத்துத் தொடங்குங்கள். வீவத் என்றால் வாழ்க, நம் வியங்கோள். அங்கிருந்து "அவன் வரும்படி", "அவன் வருவதற்காக" என்று நகர்ந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போய்விடலாம். காலப் பொருத்தம் தனிக் கடல். அதற்கு இன்னொரு இழை திறங்கள், அங்கே பேசுவோம்.

நடுஇரவு_விளக்கு

நான்கு மாதம் ஆகிவிட்டது. ஒரு வாக்கியம் எழுதினேன், இங்கே வைக்க ஆசை.

ஸோலெ ஒரியெந்தெ அவேஸ் கந்தந்த்.

"கதிரவன் எழ, பறவைகள் பாடுகின்றன."

தனி அப்லதீவ் என்று ஒரு அமைப்பு. பாடநூலில் அதற்கு ஆறு பக்கம் இருந்தது, மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "மழை பெய்ய, குளம் நிரம்பியது. இதில் பெய்தது எது, நிரம்பியது எது?" இரண்டும் வேறு. எழுவாய் வேறாக இருந்தாலும் செய என்னும் எச்சம் ஒரே வாக்கியத்தில் நிற்கும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. இலத்தீன் அந்த வேலைக்குப் பெயரையும் எச்சத்தையும் சேர்த்து அப்லதீவில் போட்டுவிடுகிறது.

முதலில் ஒரியெந்தீ என்று எழுதியிருந்தேன். பெயரடைக்கு ஈ வருமே என்ற நினைப்பு. "அது கதிரவனுக்கு அடைமொழியா, கதிரவன் செய்யும் வினையா?" என்று கேட்டார். வினை. அப்படியானால் எ, குறில். ஒரு மாத்திரையில் இவ்வளவு இருக்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன், தவறு எண் 214.

தனிவழி

அழகான வாக்கியம். இரண்டு ஆண்டு தனியாகப் படித்த நான் அந்த எ, ஈ வேறுபாட்டை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே புரிந்துவிடுகிறது. எழுதினால்தான் மாட்டிக்கொள்வோம் போலிருக்கிறது. நானும் ஒருவரிடம் மாதம் இரண்டு வகுப்பு, எழுதுவதற்கு மட்டும், கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

பாடஞ்சொல்லி

நடுஇரவு_விளக்கு, மனம் நிறைந்தது. அடுத்தது இது. உர்பெ கப்தா கீவேஸ் ஃபூகேருந்த். நகரம், பிடித்தல், குடிமக்கள், ஓடுதல். "நகரம் பிடிபட, குடிகள் ஓடினர்" என்று எழுதினால் ஒத்துக்கொள்வேனா?

நடுஇரவு_விளக்கு

கடைசியிலிருந்து வருகிறேன். ஃபூ நெடில், ஏருந்த் முடிவு. முற்றுப்பெற்ற இறந்தகாலம், பன்மை. ஓடினார்கள். கீவேஸ் பன்மை, பொருந்துகிறது. உர்பெ கப்தா தனி அப்லதீவ், எழுவாய் வேறு. ஆனால் ஒரியெந்தெ போல நடந்துகொண்டிருப்பது இல்லை கப்தா, முடிந்துபோனது. பிடித்தபிறகுதான் ஓடுகிறார்கள். "பிடிபட" என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுபோல ஆகிவிடும். "நகரம் பிடிபட்டபின் குடிகள் ஓடினார்கள்" என்று எழுதுவேன்.

பாடஞ்சொல்லி

அப்படியே எழுதுங்கள்.